மூடிவிட்டால் தீர்ந்ததா?

இலவச மென்பொருள்கள் பலவற்றைத் தன்னார்வலர்கள் சம்பளம் வாங்காமல் எழுதித் தருகிறார்கள். அவர்களுக்கு என் கும்பிடு. ஆனால் அவர்களில் சிலர் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு வழக்கம் எனக்கு அடியோடு ஆகாது.

பயனர்கள் எழுதும் குறைகளும் கோரிக்கைகளும் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடுகின்றன, பார்க்க ஆளில்லை. ஆகவே கிட்ஹப்பில் ஒரு தானியங்கியை வேலைக்கு வைக்கிறார்கள். 60 நாள் யாரும் பேசாத கோரிக்கைக்கு அது 'பழையது' என்று முத்திரை குத்தும். மேலும் 7 நாள் சத்தமில்லை என்றால் மூடிவிடும். கெடுவை யாரும் மாற்றாதவரை கணக்கு இதுதான்.

நிலுவையைக் குறைக்க இரண்டு வழி உண்டு என்பது அலுவலகத்தில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும்: வேலையை முடிப்பது, பட்டியலிலிருந்து அடித்துவிடுவது. இது இரண்டாவது.

பிரான்சில் அரசு வழக்கறிஞர் ஒரு புகாரை 'க்ளாஸே சான் சுவீத்', அதாவது மேல்நடவடிக்கை இல்லை என்று மூடலாம். ஆனால் காரணத்தைப் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். இங்கே காரணமும் இல்லை, படித்துப் பார்த்த ஆளும் இல்லை.

'சம்பளமில்லாதவரிடம் பதில் கேட்க என்ன உரிமை?' என்பார்கள். நியாயம்தான். வேலையைக் கேட்கவில்லை, ஒரு சொல்லைத்தான் கேட்கிறேன். 1993 முதல் தன்னார்வலர்களால் நடக்கும் டெபியனில் அதற்கு வழி இருக்கிறது. 'வோன்ட்ஃபிக்ஸ்' என்றால் செய்யமாட்டோம். 'ஹெல்ப்' என்றால் உதவிக்கு ஆள் தேவை. 'மோர்இன்ஃபோ' என்றால் விவரம் போதாது. கேட்டவருக்குத் தன் நிலை தெரிந்துவிடுகிறது.

பழையதென்றால் செத்ததென்று அர்த்தமா? க்னோம் திரையில் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் படங்களைச் சிறு உருவில் காட்டுங்கள் என்று 2004இல் கேட்டார்கள். 2023இல் வந்த க்னோம் 44இல் அது கிடைத்தது. குறை என்ன, ஊசிப்போகும் சோறா?

தானியங்கியால் தப்புகிறவர்கள் விடாமல் சத்தம் போடுகிறவர்கள்தான். ஒரு முறை மரியாதையாக எழுதிவிட்டுக் காத்திருக்கும் நம் போன்றவர்கள்தான் அடிபடுகிறோம்.

அப்படி உங்கள் கோரிக்கை மூடப்பட்டால் சண்டை வேண்டாம். 'முடியாதா, ஆளில்லையா, விவரம் போதவில்லையா?' என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். 'முடியாது' என்று ஒரு மனிதர் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள்.