கட்டிப்போட்ட அல்சேஷன்

கல்முனையில் உறவினர் ஒருவரின் வீட்டுக்கு அண்மையில் சென்றிருந்தேன். ஆறு பேர்ச் வளவு. மதிலோரம் சங்கிலியில் ஓர் அல்சேஷன். செருப்பு, தண்ணீர்க் குழாய், கதவின் அடிப்பலகை என எட்டியதையெல்லாம் குதறி வைத்திருந்தது.

"பெரிய கரைச்சல் காக்கா, யாருக்காவது குடுத்திரப் போறன்" என்றார்.

யாருக்காவது கொடுப்பதென்றால், பெரும்பாலும் சந்தைக்கருகில் இறக்கிவிடுவதுதான்!

பிழை நாயில் இல்லை. 1899இல் ஜெர்மனியில், மந்தை மேய்க்கும் நாய்களிலிருந்து உருவாக்கப்பட்ட இனம் இது. நாள் முழுதும் ஓடவேண்டிய உடம்பை நான்கடிச் சங்கிலியில் பூட்டினால், அந்தச் சக்தி பல்லுக்குத்தானே வரும்? அடித்துத் திருத்த முடியாது. இரு வேளையும் நீண்ட நடை, ஏவிய பொருளைத் தேடியெடுக்கும் பயிற்சி, கடிப்பதற்கென்று ஒரு ரப்பர் கட்டை. இவை இருந்தால் பெரும்பாலும் அடங்கும்.

ஆனால் எங்கே நடத்துவது? கடலுக்கும் வயலுக்கும் இடையில் நெருக்கியடித்து வாழும் ஊர் இது. நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை, அதிலொன்று மண் கலந்து, கழுவவேண்டுமெனக் கொள்ளும் ஷாபி மத்ஹபினரின் ஒழுங்கைகள். வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர்க்காவலுக்கும் மார்க்கம் நாயை அனுமதித்திருக்கிறது. மூன்றும் வேலைகள் என்பதைக் கவனியுங்கள். மதிலுக்குள் அழகுக்குக் கட்டிவைப்பது இவற்றில் எதில் சேரும்?

உறவினரிடம் இதைத்தான் சொன்னேன். மாட்டுப்பட்டி வைத்திருக்கும் ஒருவரை இப்போது இருவருமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.