மரதனும் மேளமும் ஒரே நாளில்



சித்திரைப் புத்தாண்டு வந்தால் நம்ம ஸ்பிரிங்வெளியில் இதே பேச்சுதான்: மரதன் ஓட்டமா, கோயில் நாதஸ்வரக் கச்சேரியா? இரண்டுக்கும் இருப்பது ஒரே ரோடு. "ஒன்றைத் தள்ளி வையுங்கள்" என்கிறார்கள். தள்ளினால் கச்சேரியைத்தான் தள்ளுவார்கள். பிறகு அது நடக்காது.

சென்னையைப் பாருங்கள். மார்கழிக் கச்சேரிகளுக்குப் பேர்போன ஊர். அண்மைய ஆண்டுகளில் அங்கே மரதன் நடப்பதும் ஜனவரி முதல் வாரத்தில், அதாவது மார்கழிக்குள்தான். விடியுமுன்னே ஓட விடுகிறார்கள். சபாக்களில் மாலைக் கச்சேரிக்கு அதனால் தடையில்லை.

நாமும் காலை 6 மணிக்கு ஓட்டத்தைத் தொடங்கி 9 மணிக்குள் ரோட்டைத் திறந்து விடுவோம். பதுளை பஸ்ஸும் போகும். மாலையில் கச்சேரி, அதே மேடையில் பரிசளிப்பு. வாசிப்பு முடியும்வரை லவுட்ஸ்பீக்கரில் அறிவிப்பு வேண்டாம்.

"முஸ்லிம் டீச்சர்மாருக்கு மேளத்தில் என்ன வேலை?" என்று கேட்கலாம். 1998இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்ற நாதஸ்வர வித்துவான் ஷேக் சின்ன மௌலானா. அது இருக்கட்டும். ஓடுகிற பிள்ளைகள் நாங்கள் படிப்பிக்கிற பிள்ளைகள். தவில் வாசிப்பவர் அதில் ஒரு பிள்ளையின் அப்பாவாக இருந்தால்? மகன் ஓடுவதை அவர் பார்க்க வேண்டாமா? அவர் வாசிப்பதை மகன் கேட்க வேண்டாமா?

கோயில் சபையும் விளையாட்டுக் கழகமும் இந்த முறை ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள்.