இரண்டு இடக்கைகள்



கிரிக்கெட் தெரியாத குடும்பம் நம் பங்குகளில் அரிது. அமெரிக்கரின் பேஸ்பாலையோ நம்மில் பலர் படத்தில் மட்டுமே கண்டிருப்போம். கிரிக்கெட்டில் வீசுபவர் ஓடி வருவார். மடக்கிய முழங்கையை விரித்து எறிதல் ஆகாது. பந்து பெரும்பாலும் தரையில் பட்டே எழும். பேஸ்பாலில் ‘பிட்சர்’ எனப்படும் பந்து வீச்சாளரோ சிறு மண்மேட்டின் மீது நின்றவாறே கையை மடக்கிச் சவுக்கைப் போல் சொடுக்குகிறார். 5 அவுன்சுக்குச் சற்றே மிகுந்த எடையுள்ள பந்து, 60 அடி 6 அங்குலத் தொலைவைத் தரை தொடாமல் கடக்க வேண்டும். இச்சொடுக்கின் பெரும்பளு முழங்கையிலும் தோளிலும் விழுகிறது. ஓர் அணியின் செல்வம் அக்கையே. அதன் கவலையும் அக்கையே.

லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியை எடுத்துக்கொள்வோம். 1965-இல் அவ்வணி பெற்ற 97 வெற்றிகளில் 49, இரு வீச்சாளர் பெயரில் பதிந்தவை. வலக்கையரான டான் டிரைஸ்டேலுக்கு 23. இடக்கையரான சாண்டி கோஃபாக்சுக்கு 26. கோஃபாக்சின் முழங்கையில் மூட்டுவாதம் இருப்பதை மருத்துவர்கள் முன்னரே கண்டறிந்திருந்தனர். ஊசி மருந்தும் களிம்புமாகக் களம் இறங்குவார். ஆட்டம் முடிந்ததும் முழங்கையைப் பனிநீரில் அமிழ்த்தி அமர்ந்திருப்பார். அந்நிலையிலும் அவ்வாண்டில் 382 மட்டையாளரை ‘ஸ்ட்ரைக் அவுட்’ முறையில் வெளியேற்றினார்!

அவ்வாண்டு உலகத் தொடரின் முதல் ஆட்டம் அக்டோபர் 6-ஆம் நாள் வந்தது. யூதரான கோஃபாக்சுக்கு அது யோம் கிப்பூர் என்னும் பாவப்பரிகார நாள். அவர் ஆட மறுத்துவிட்டார். அவருக்குப் பதில் டிரைஸ்டேல் வீசினார்; டாட்ஜர்ஸ் 8–2 எனத் தோற்றது. (ஞாயிறு திருப்பலி நேரத்திலேயே பந்தயம் வைத்துவிட்டு, நம்மைக் கண்டதும் தலை சொறியும் இளைஞர்களை இவ்விடத்தில் நினைத்துக்கொண்டோம்.) மறுநாள் கோஃபாக்ஸ் வீசியும் தோல்வியே. ஆயினும் ஐந்தாம் ஆட்டத்தை அவர் வென்றார். இரண்டே நாள் ஓய்வுக்குப் பின் ஏழாம் ஆட்டத்திற்கும் அவரே வந்தார். வளைபந்து கைக்கு இணங்கவில்லை. பெரிதும் வேகப்பந்தையே நம்பி வீசி, 2–0 என்று தொடரை முடித்தார்.

அடுத்த ஆண்டு 27 வெற்றிகள். 1966 நவம்பரில், 30 வயதில், அவர் விலகினார். எஞ்சிய வாழ்நாளுக்கும் அக்கை தமக்கு வேண்டும் என்பதே அவர் கூறிய காரணத்தின் சாரம். புகழின் உச்சியில் அப்படிச் சொல்ல எத்தனை பேரால் இயலும்?

எட்டாண்டுகள் சென்றன. 1974 ஜூலையில் அதே அணியின் மற்றோர் இடக்கையர், டாமி ஜான், வீசிக்கொண்டிருக்கையில் முழங்கைத் தசைநார் அறுந்தது. அக்காலத்தில் அதுவே ஒரு வீச்சாளரின் முடிவு. அணியின் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், வலக்கையிலிருந்து ஒரு நாணை எடுத்து, இட முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்தார். நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு என்று ஒளியாமல் சொல்லியே கத்தியை எடுத்தார். 1975 முழுதும் ஆட்டமில்லை. 1976-இல் ஜான் திரும்பினார். 1989 வரை, 46 வயது நிரம்பியும் ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164, சிகிச்சைக்குப் பின் வந்தவை.

அச்சிகிச்சை இன்று டாமி ஜான் பெயராலேயே வழங்குகிறது. ஷோஹெய் ஓத்தானி முதலாகப் பலர் அதனால் மீண்டும் வீச வந்தனர். வேகத்தை விரட்டும் பள்ளிச் சிறுவரும் அதே கத்திக்குக் கை நீட்டும் நிலை நமக்குச் சிறிதும் உவப்பாக இல்லை. வளரும் எலும்புக்கு ஓய்வு தராமல் வீசச் செய்வோர் பெரியவர்களே அன்றோ?

கோஃபாக்ஸ் 36 வயதிலேயே பேஸ்பால் புகழ்மண்டபத்திற்குத் தேர்வானார். டாமி ஜானின் பெயர் 2024 டிசம்பரிலும் குழுவின் முன் வந்தது. போதிய வாக்குகள் கிடைக்கவில்லை. நாம் அக்குழுவில் இருந்திருந்தால் தயங்காமல் வாக்களித்திருப்போம்.