கப்பல் ஏறிடுச்சா தம்பி?

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மச்சினன் லீவில் வந்தால் சாக்லெட், சென்ட், அவனுக்குப் பத்தாமல் போன டீ ஷர்ட் என்று கொண்டுவந்து கொட்டுவான். இந்தத் தடவை கால் கிலோ காபிக்கொட்டை. பாக்கெட் மேலே பாய் விரித்த கப்பல் படம்.

"மாமா, இது பாய்மரக் கப்பல்லயே வந்த காபி. டீசல் கிடையாது, புகை கிடையாது. காத்து மட்டும்தான்!"

"என்னடா விலை?"

சொன்னான். நம்ம ரூபாயில் ஆயிரத்து இருநூறு. சமையலறையிலிருந்து என் மனைவியின் தலை மட்டும் வெளியே வந்தது.

"கால் கிலோவா? ஏன்டா, காத்துக்கும் சேர்த்து காசு வாங்கிட்டானா?"

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். நிகராகுவாவில் ஏற்றி அட்லாண்டிக்கைத் தாண்டி இத்தனை வாரம் கடலில் வந்தது என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாமதத்தைப் பெருமையாக பாக்கெட்டில் அச்சடிக்கலாமா? ஒரு வாரத் தாமதத்துக்கு என் வேலையே போகத் தெரிந்தது ஸார்! அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

காலடிப்பேட்டைக்காரனுக்குக் கப்பல் புதுசில்லை. எங்கள் ஊர்ப் பேரே கப்பலில் வந்ததுதான். 1717-லிருந்து 1720 வரை சென்னைக்கு கவர்னராக இருந்த ஜோசப் காலெட் துரை நெசவாளர்களைக் குடிவைத்த இடம். காலெட் பேட்டை, நம் வாயில் விழுந்து காலடிப்பேட்டை ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் துணி மூட்டையும் இறங்கும், துரையும் இறங்குவார். அலை நனைத்தால் இரண்டும் நனையும்.

சரி, காபிக்கு வருவோம்.

பாய்மரத்தில் இந்தியாவுக்கு வந்த முதல் காபி சரக்கு மொத்தமே ஏழு விதை என்று சிக்மகளூர் பக்கம் சொல்வார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்கிற பெரியவர் மெக்கா போய்த் திரும்பும்போது, ஏமனிலிருந்து யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்து சந்திரகிரி மலையில் நட்டாராம். எக்ஸ்போர்ட் லைசென்ஸ் இல்லை, கஸ்டம்ஸ் இல்லை. டாக்குமென்ட் எழுதிப் பிழைத்த எனக்குக் கேட்கவே பொறாமையாக இருக்கிறது.

அப்புறம் வெள்ளைக்காரன் தோட்டம் போட்டான். மலபார், மங்களூர் கரையிலிருந்து மூட்டை மூட்டையாகக் காபி ஐரோப்பாவுக்குப் பாய்மரக் கப்பலில் கிளம்பியது. எந்த வழியாக? ஆப்பிரிக்காவின் அடிமுனையைச் சுற்றி, நன்னம்பிக்கை முனை வழியாக. காற்று நன்றாக அடித்தால் நாலைந்து மாதம். இல்லாவிட்டால் ஆறு மாதம். மரக்கப்பலின் அடிவயிற்றில், உப்புக் காற்றில், ஈரத்தில் கொட்டை ஊறும், உப்பும், வெளுக்கும். பச்சையாக ஏறினது பழுப்பு மஞ்சளாக இறங்கும்.

நியாயமாகப் பார்த்தால் அது கெட்டுப்போன சரக்கு. நம் மளிகைக் கடைக்காரரிடம் அப்படி ஒரு மூட்டை வந்தால் முகத்திலேயே வீசியிருப்பார். ஆனால் ஐரோப்பாக்காரன் குடித்துப் பார்த்தான். புளிப்பு அடங்கி, கனமாக, வழவழவென்று இருந்தது. 'இந்தியக் காபி என்றால் இப்படித்தான் போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டான். பழகிவிட்டது. பெண்டாட்டியின் சமையல் மாதிரிதான். முதலில் புரியாது. அப்புறம் வேறெதுவும் இறங்காது.

1869-ல் சூயஸ் கால்வாயைத் திறந்தார்கள். பம்பாயிலிருந்து லண்டனுக்குப் போகும் தூரத்தில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் மிச்சம். ஆனால் இந்தக் குறுக்கு வழி பாய்மரத்துக்குப் பிரயோஜனமில்லை. செங்கடலின் வடபாதியில் வருஷம் பூராவும் வடக்கிலிருந்து எதிர்க்காற்று. நீராவிக் கப்பலுக்கு அந்தக் கவலை இல்லை. காபி சில வாரங்களிலேயே பச்சைப் பசேலென்று போய் இறங்கியது.

வாங்கினவன் சந்தோஷப்பட வேண்டுமா இல்லையா? முகத்தைச் சுளித்தான். நார்வே பக்கத்து வியாபாரிகள் 'பழைய ருசி எங்கே?' என்று கேட்டார்களாம்.

நம்மவர்கள் யோசித்தார்கள். கப்பலைத்தானே மாற்ற முடியாது, கடலைக் கரைக்குக் கொண்டுவரலாமே! மேற்குக் கரையில், பக்கவாட்டில் திறந்த பெரிய பெரிய கிடங்குகள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது, காபிக்கொட்டையைத் தரையில் அரையடிக்குள் பரப்பி, வாரிவாரிப் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் மூட்டையில் தளர்வாகக் கட்டி, காற்று புகுந்துபோக இடைவெளி விட்டு அடுக்குவார்கள். கொட்டி, மறுபடி கட்டுவார்கள். மூணு நாலு மாசத்தில் கொட்டை உப்பி வெளுத்து, ஆப்பிரிக்காவைச் சுற்றிவந்த களைப்போடு நிற்கும், ஒரு அடிகூட நகராமல்! 'மான்சூன்ட் மலபார்' என்று பேர். புவிசார் குறியீடுகூட வாங்கியாகிவிட்டது. கெட்டுப்போவதற்கு நாள் பார்த்து, ஆள் போட்டு, கூலி கொடுத்து... உலகத்தில் வேறெந்த வியாபாரத்தில் இது நடக்கும்?

பி.காம். படித்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். ருசி வாங்குகிறவனுக்குப் போனது. ஆறு மாதம் கடலில் மிதந்த பணம் யாருடையது? வேறு யார், தோட்டக்காரனுடையதுதான். ஏஜென்ஸி கம்பெனிக்காரன் அறுவடையை நம்பி அட்வான்ஸ் கொடுப்பான், வட்டியும் போடுவான். கப்பல் ஆடி ஆடிப் போகப் போக, இங்கே வட்டி ஆடாமல் அசையாமல் ஏறும்.

இனி என் கதை.

2012. காலேஜ் முடித்து, பாரீஸ் கார்னர் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ஸியில் டாக்குமென்ட் கிளார்க். சம்பளம் ஆறாயிரத்து ஐந்நூறு. ஏற்காட்டிலிருந்து ஒருவர் எங்கள் வழியாகக் காபி அனுப்புவார். பெரிய எஸ்டேட் முதலாளி இல்லை. அக்கம்பக்கத்துச் சின்னத் தோட்டக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேரிடம் வாங்கி, சேர்த்து, ஒரே ஒரு கன்டெய்னர். அறுபது கிலோ மூட்டை முந்நூற்று இருபது. பத்தொன்பது டன் சொச்சம். வருஷத்துக்கு ஒருமுறைதான். அந்த ஒரு வாரம் முழுக்க எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கும்.

"கப்பல் ஏறிடுச்சா தம்பி?"

"ஏறிடும்யா."

எல்.ஸி.யில், அதாவது பாங்க் கொடுக்கும் உத்தரவாதத்தில், 'இந்தத் தேதிக்குள் கப்பல் ஏற வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தேதி பில் ஆஃப் லேடிங்கில் தாண்டினால் பாங்க் கையை விரித்துவிடும். வாங்குகிறவன் பெரிய மனசு பண்ணினால்தான் பணம்.

கன்டெய்னர் ஹார்பருக்குள் நுழைய ஃபார்ம் 13 வேண்டும். வியாழக்கிழமை காலையில் நான் வாங்கியிருக்க வேண்டும். அன்றைக்கு ஒரு பெரிய ஹீரோ படம் ரிலீஸ். நண்பர்கள் டிக்கெட்டோடு ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள். 'ஃபார்ம்தானே, சாயந்திரம் வாங்கினால் போச்சு' என்று கிளம்பிவிட்டேன்.

சாயந்திரம் வாங்கினேன். டிரெய்லர் ராத்திரி கிளம்பியது. அந்த வருஷங்களில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் வரிசையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சமைப்பார்கள், அங்கேயே தூங்குவார்கள். காலையில் புறப்பட்டிருந்தால் எப்படியோ உள்ளே போயிருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி போய்ப் பார்த்தேன். காசிமேடு வரவே இன்னும் தூரம் இருந்தது.

"இன்னா ஸார், நீங்களே வந்துட்டீங்க?" என்றார் டிரைவர். "வண்டி நவுந்தாத்தானே நான் நவுர முடியும்? டீ சாப்பிடுறீங்களா?"

சனிக்கிழமை கேட் மூடும் நேரம் தாண்டிவிட்டது. கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பல் ஒரு வாரம் கழித்து. காபி கப்பல் ஏறவில்லை, என் மானம் ஏறியது!

வாங்குகிற கம்பெனி நூற்றுக்கு ஐந்து தள்ளுபடி கேட்டது. கணக்குப் போட்டால் இரண்டு லட்சத்துக்கு மேல். ஏற்காட்டுக்காரர் கொடுத்தார். எங்கள் மானேஜர் டிராஃபிக் மேல் பழியைப் போட்டார். நானும் தலையாட்டினேன். ஃபார்ம் எத்தனை மணிக்கு வாங்கினேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "பரவால்ல தம்பி, ரோடு உன் கையிலயா இருக்கு?" என்றார் ஏற்காட்டுக்காரர். அந்த வரிதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். மூணு மாசத்தில் வேலையை விட்டு நானே நின்றுவிட்டேன்.

இந்த நினைப்போடு மச்சினனிடம் விசாரித்தேன். இப்போது யாரடா பாய்மரத்தில் சரக்கு ஏற்றுகிறார்கள்? பையன் விஷயம் வைத்திருந்தான். ஹாலந்தில் மூன்று நண்பர்கள் 'ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்' என்று ஒரு கப்பலை 2009-ல் ஓட்ட ஆரம்பித்தார்களாம். பேருக்கு அர்த்தமே 'மூன்று ஆட்கள்'தான். இன்ஜினே கிடையாது. கரீபியனிலிருந்து ரம், கோகோ, காபி. மொத்தமே முப்பத்தைந்து டன். (என் ஏற்காட்டுக் கன்டெய்னர் இரண்டுகூட முழுசாக ஏறாது.) பிரான்சில் 'கிரேன் டி செய்ல்' என்று காபி வறுக்கும் ஒரு கம்பெனி தானே பாய்மரக் கப்பல் கட்டி, 2020-ல் நியூயார்க்குக்கு ஒயின் ஏற்றிப் போய், திரும்பும்போது காபியும் கோகோவும் கொண்டுவந்தது. 2024-ல் 'அனிமோஸ்' என்று 81 மீட்டர் கப்பல், ஆயிரம் டன் சரக்கு ஏற்றக்கூடியது, அட்லாண்டிக்கைத் தாண்டியது.

நம் தூத்துக்குடித் தோணிக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு அடித்தவர்கள். பிழைப்புக்காக அப்புறம் இன்ஜின் வைத்துக்கொண்டார்கள். ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இங்கே தாமதத்துக்கு வாங்குகிறவன் காசு கொடுக்கிறான், முன்கூட்டியே, தெரிந்தே. தோட்டக்காரன் தலையில் கட்டவில்லை. ஆயிரத்து இருநூறு அப்போது அவ்வளவு அநியாயமாகத் தெரியவில்லை. (மனைவியிடம் இதைச் சொல்லவில்லை.)

இன்னொரு கூத்து. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்களே, அப்போது கன்டெய்னர் கப்பல்கள் மறுபடி ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. இந்தியக் காபிக்குப் பெரிய கிராக்கி இத்தாலிதான். அதுவும் அந்தப் பழைய வழியிலேயே போயிற்று. பத்துப் பதினைந்து நாள் கூடுதல், வாடகை எகிறல். ருசி மாறியதா? எங்கே! இரும்புப் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் பை. பழைய தாமதம் வந்தது, பழைய ருசி வரவில்லை.

மறுநாள் காலை காபி வந்தது. ஒரு வாய் குடித்தேன். பரிச்சயமான ருசி.

"இதுதான் அந்தக் கப்பல் காபியா?"

"ஆமா. அரைச்சு, நம்ம தூளோட கலந்துட்டேன். சும்மா போட்டா சிக்கரி இல்லாம தண்ணியாட்டம் இருக்குங்க."

அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தது, காலடிப்பேட்டை சிக்கரியில் கரைந்துவிட்டது. டம்ளரை வைத்துவிட்டு போனை எடுத்தேன். 'ஏற்காடு காபி' என்று பதிந்த நம்பர். பத்து வருஷத்துக்கு மேல் எத்தனையோ போன் மாறியும் அழிக்காமல் வைத்திருந்தேன். இரண்டு முறை எடுத்து வைத்துவிட்டேன். மூன்றாம் முறை ரிங் போனது.

"யாரு தம்பி?" என்றார்.