புழுவுக்கு ஒன்றும் தெரியாதா?

காக்கை மனித முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் என்று படிக்கிறோம். யானையின் ஞாபகத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தெருநாய்க்காக உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடுகிறோம். ஆரணியில் தறி நெய்கிற எங்களுக்குச் சோறு போடுவதோ ஒரு புழு. அதற்கு அறிவு உண்டா, வலி தெரியுமா என்று எங்களை யாரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை.

எங்களில் பலர் அதைப் பார்த்ததே இல்லை என்பதும் ஒரு காரணம். பட்டு எங்களிடம் வரும்போது முறுக்கேறி, சாயம் தோய்ந்து, கழியாக வருகிறது. பாவு ஓட்டுகிறோம், தார் சுற்றுகிறோம், நாடாவில் போட்டு நெய்கிறோம். தருமபுரியிலும் ராம்நகரத்திலும் பட்டுக்கூட்டுச் சந்தை இருப்பது தெரியும். கூட்டுக்குள் இருந்தது என்ன ஆனது என்ற பேச்சு தறிமேடைக்கு வராது. அரை கிலோ பட்டு போகும் ஒரு புடவைக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் கூடுகள் வேண்டும்.

என் மைத்துனர் ஓசூர்ப் பக்கம் முசுக்கொட்டை பயிரிட்டுப் புழு வளர்க்கிறார். சட்டைப்பையில் புகையிலை இருந்தால் வளர்ப்பு மனைக்குள் விடமாட்டார். அந்த நஞ்சு புழுவுக்கு ஆகாது. "இதுக்கு என்ன மச்சான் தெரியும், திங்கறதைத் தவிர?" என்று ஒருமுறை கேட்டேன். "வாடின இலையைப் போட்டுப் பாருங்க மாப்ளே, அப்புறம் பேசுங்க" என்றார். நான்கு முறை தோலுரித்து, ஒரு மாதத்துக்குள் எடையில் பத்தாயிரம் மடங்கு பெருத்து, ஒருநாள் தின்பதை நிறுத்திவிடும். உடம்பு கண்ணாடி போலாகும். தலையைத் தூக்கி மூலை தேடும். பிறகு இரண்டு மூன்று நாள் எட்டு எழுதுவதுபோல் தலையை ஆட்டியாட்டி, ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே இழையைச் சுற்றித் தன்னை மூடிக்கொள்ளும். நான் நாற்பது வருடமாக நெய்கிறேன். அறுந்த இழையை முடியாமல் அவ்வளவு நீளம் நான் ஓட்டியதில்லை.

விலங்குகள் வாசனையால் பேசிக்கொள்வதை வேதியியலாக உலகுக்கு முதலில் காட்டியதும் இந்தப் பூச்சிதான். ஜெர்மனியின் அடால்ஃப் புட்டனாண்ட் இருபது வருடம் உழைத்து, ஐந்து லட்சம் பெண் அந்துப்பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து சில மில்லிகிராம் பொருளைப் பிரித்தெடுத்தார். 1959இல் அதற்குப் பாம்பிகால் என்று பெயர் வைத்தார். பெண் ஓரிடத்தில் உட்கார்ந்து அதைக் காற்றில் விடும். ஐயாயிரம் வருடம் மனிதன் வளர்த்ததில் பறக்கவே மறந்துபோன ஆண், இறகை அடித்துக்கொண்டு நடந்தே தேடிப் போகும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆண் பூச்சியை ஒரு சிறு பந்தின்மேல் நிறுத்தி, அதன் நடைக்கேற்ப ஒரு வண்டி நகரும்படி செய்தார்கள். பூச்சி வண்டியை வாசனை வந்த இடத்துக்கே ஓட்டிச் சென்றது. ஆய்வாளர்கள் வண்டியை வேண்டுமென்றே ஒரு பக்கம் இழுக்கவைத்தபோதும் சமாளித்துத் திருப்பியது. இது 2013இல் வெளியான ஆய்வு.

என்னை உறுத்துவது இன்னொரு ஆய்வு. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில், பட்டுப்பூச்சிக்குத் தூரத்து உறவான புகையிலைப் புழுவுக்கு ஒரு வாசனையைக் காட்டி லேசாக மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். கடைசிப் பருவத்தில் பழக்கிய புழுக்களில் பெரும்பாலானவை கூட்டுப்புழுவாகி, உரு மாறி, இறகு முளைத்து வந்த பிறகும் அந்த வாசனையிலிருந்து விலகிப் போயின. 2008இல் வெளியான முடிவு இது. பட்டுப்புழுவிடம் அதே சோதனை நடந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் நூலுக்காகக் கொல்லும்போது கூட்டுக்குள் இருப்பது வெறும் கூழ், அதற்கு என்ன தெரியும் என்று நாங்கள் சொல்லிவந்த சமாதானம் ஆட்டம் கண்டுவிட்டது.

அப்படியானால் பட்டை விட்டுவிடலாமா? காஞ்சி மகாபெரியவர் பட்டு வேண்டாம் என்றார். குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமனின் மனைவி ஜானகி, கொல்லாத பட்டில் புடவை கேட்டார். அன்றைய ஆந்திரத்தின் குசுமா ராஜய்யா அப்படி ஒன்றை உருவாக்கினார். மரியாதைக்குரிய முயற்சி. ஆனால் பூச்சி துளைத்து வெளியேறிய கூட்டில் இழை அறுந்துபோகும், பஞ்சு போல நூற்கத்தான் வேண்டும், எங்கள் பாவின் பளபளப்பு வராது. வெளியே வந்த பூச்சிக்கோ தின்ன வாய் இல்லை, சில நாளில் செத்துப்போகும். அது இடும் நானூறு ஐந்நூறு முட்டையும் பொரித்தால் யார் இலை போடுவது? நம்மை விட்டால் அதற்குப் பிழைப்பு இல்லாதபடி நாமே செய்துவைத்திருக்கிறோம். அதனால் 'அகிம்சை' என்ற பெயர் வாங்குபவர் மனதைத் தேற்றும் அளவுக்குப் பூச்சியைக் காப்பாற்றுகிறதா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நான் தறியை விடப்போவதில்லை. தெரியாது என்ற சாக்கைத்தான் விடச் சொல்கிறேன். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் மனிதரைத் தவிர எல்லா உயிரையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. 2024இல் நியூயார்க்கில் அறிவியலாளர்கள் வெளியிட்ட அறிக்கை, பூச்சிகளுக்கும் உணர்வு இருக்க வாய்ப்புண்டு, அதைப் புறக்கணிப்பது பொறுப்பல்ல என்றது. மகசூலைக் கூட்டவும் நோயைத் தடுக்கவும் செலவு செய்கிற மத்திய பட்டு வாரியம், கூட்டுப்புழுவுக்கு வலி உண்டா என்று ஆராயவும் கொஞ்சம் செலவிடட்டும். இன்னமும் சில இடங்களில் கூட்டை வெயிலில் பரப்பி மெதுவாகச் சாகவிடுகிறார்கள். அதில் நூலின் தரமும் கெடுகிறது. நீராவி, வெப்பக்காற்று வசதி இல்லாத சிறு வளர்ப்பாளர்களுக்குப் பட்டு வளர்ச்சித் துறை அதை மானியத்தில் கொடுக்க வேண்டும். அதனால் புடவை விலை நூறு இருநூறு கூடினால், வாங்குபவர்கள் பேரம் பேசாமல் கொடுங்கள்.