சார்கிட்ட பேசிக்கிறோம் மேடம்

டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி குலுங்கியது. சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு, என்ன கோளாறு என்று கேட்டேன். "சார்கிட்ட பேசிக்கிறோம் மேடம்" என்றார் அங்கிருந்தவர். ஆர்.சி.யில் இருப்பது என் பெயர். தவணை போவது என் சம்பளத்தில். என் கணவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. வாங்கிய அன்று கூட வந்தார், அவருடைய எண் பதிவாகிவிட்டது.

மாலையில் அவருக்குத்தான் போன் வந்தது. இன்ஜெக்டர் போய்விட்டதாம், நான்கையும் மாற்றுவது நல்லதாம், முப்பதாயிரத்தைத் தாண்டுமாம். "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டவர், போனை வைத்ததும் என்னிடம் கேட்டார்: "இன்ஜெக்டர்னா என்ன?"

பெண்களுக்கு வண்டியைப் பற்றித் தெரியாது என்கிறார்கள். எங்கள் வீட்டில் இருவருக்குமே தெரியாது. ஆனால் விளக்கம் ஒருவருக்குத்தான் போனது.

வேலை எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லி வண்டியை எடுத்து வந்தேன். (அந்த விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். எனக்கு அது அப்போது தெரியாது. நல்லவேளை, சீராக எரிந்தது.) ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் ஒன்று இருக்கிறது. அதில் செருகும் சின்ன ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். போன் திரையில் வந்தது பி0301.

இது கம்பெனி ரகசியம் இல்லை. காற்று மாசைக் கட்டுப்படுத்துவதற்காகச் சட்டம் போட்டுப் பொதுவாக்கிய மொழி. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயம். 'பி' என்றால் என்ஜினும் கியரும் சார்ந்தது, 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறியீடு, 3 என்றால் பற்றவைப்புக் கோளாறு, 01 என்றால் முதல் சிலிண்டர். முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, அவ்வளவுதான். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை. பிளக்காக இருக்கலாம், இக்னிஷன் காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம்.

என்ஜின் ஆறிய பிறகு, 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றி, முதல் சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதன் காயிலை முதலாவதிலும் மாட்டினேன். குறியீட்டை அழித்துவிட்டுத் தெருவைச் சுற்றி வந்தேன். விளக்கு மறுபடி எரிந்தது. இப்போது பி0303. இன்ஜெக்டர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. காயிலோடு சேர்ந்து கோளாறும் இடம் மாறிவிட்டது. ஒரே ஒரு காயில் வாங்கினேன். அவர்கள் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். ஊகித்திருக்கலாம். ஆனால் அந்த ஊகத்துக்குப் பணம் கட்ட வேண்டியவள் நான். 'எதை வைத்து இன்ஜெக்டர் என்கிறீர்கள்?' என்று கேட்க எனக்கு இடமே தரப்படவில்லை.

நம்மிடமும் சண்டை போட வேண்டியிருக்கிறது. "எனக்குக் காரப் பத்தி ஒண்ணும் தெரியாதுப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். மிக்ஸி சத்தத்தை வைத்தே கார்பன் பிரஷ் தேய்ந்ததைச் சொல்கிறவர்கள்தான், குக்கர் விசிலைக் கேட்டே வாஷர் போனதைக் கண்டுபிடிக்கிறவர்கள்தான் இப்படிச் சொல்கிறோம். அந்தச் சிரிப்பில் அடக்கம் ஒன்றுமில்லை. பில்லைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவது அது.

அடுத்த சர்வீஸின்போது, பதிவிலுள்ள எண்ணை மாற்றி என்னுடையதைப் போடச் சொன்னேன்.

"அப்ப சார் நம்பர் வேணாமா மேடம்?" என்றார்.

"அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க" என்றேன்.