அப்பாவோட கட்டிங் பிளேயர்

1/
வீட்டுப் பரண் மேலயோ, ஃப்ரிட்ஜ் மேலயோ ஒரு பழைய டூல்ஸ் டப்பா இருக்கும். அதில் இருக்கிற கட்டிங் பிளேயரை எடுத்துக் கைப்பிடியைப் பாருங்க.

பிசுபிசுன்னு ஒட்டுதா? வெடிச்சிருக்கா? மேல கறுப்பு டேப் சுத்தியிருக்கா?

அப்போ இது உங்களுக்குத்தான்.

2/
போன மழைக்காலத்தில் ஒரு நைட் டியூட்டி. இருபதுகளில் இருக்கும் ஒரு தம்பி, எலக்ட்ரீஷியன் ஹெல்பர். வலது உள்ளங்கையில் ஒரு ரூபாய் காசு அளவுக்குத் தீக்காயம்.

காயம் சின்னதுதான். ஆனால் "நெஞ்சு படபடன்னு அடிக்குது சார்" என்றார். ஷாக் அடித்தவர் அப்படிச் சொன்னால் எங்களுக்கும் படபடக்கும். ஈசிஜி எடுத்து, ராத்திரி முழுக்க மானிட்டரில் வைத்தோம். காலையில் நடந்தே வீட்டுக்குப் போனார்.

3/
எப்படிப்பா ஆச்சு என்று கேட்டேன்.

"அப்பாவோட பிளேயர் சார். ரப்பர் வெடிச்சிருந்துச்சு, டேப் சுத்தி வெச்சிருந்தேன். கை வேர்த்ததுல டேப் நகந்துடுச்சு."

மெயினை ஆஃப் பண்ணலையா?

"டிவி ஓடுது, அணைக்காதீங்கன்னு வீட்டுக்காரங்க சொன்னாங்க சார்."

4/
ரப்பர் ஏன் கெடுகிறது?

ரப்பர் உறைக்கு வெயில், சூடு, எண்ணெய், காற்றில் உள்ள ஓசோன் எல்லாமே எதிரி. நாளாக நாளாக விறைத்து வெடிக்கும்.

பிவிசி உறையை மென்மையாக வைத்திருக்கும் ரசாயனம் மெல்ல வெளியே கசியும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு இறுகிவிடும்.

ஸ்க்ரூ டிரைவர்களில் வரும் வழுவழு மேல்பூச்சு ஈரக்காற்றிலேயே சிதைந்து ஒட்ட ஆரம்பிக்கும். டப்பாவில் சும்மா கிடந்தாலும் கெடும். "அதிகம் யூஸ் பண்ணலையே" என்பது கணக்கில் வராது.

5/
கெட்டால் என்ன ஆகும்?

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் ஏசி. சுமார் 10 மில்லி ஆம்பியர் கை வழியே போனாலே விரல்கள் இறுகிக்கொள்ளும். விரலை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலுவானவை. விட நினைத்தாலும் விட முடியாது.

ஒரு 9 வாட் எல்இடி பல்பு எரியவே சுமார் 40 மில்லி ஆம்பியர் வேண்டும். அதில் கால்வாசி போதும், கை பிளேயரோடு ஒட்டிக்கொள்ள. வேர்த்த கை, வெறுங்கால், ஈரத் தரை என்றால் கேட்கவே வேண்டாம். மின்சாரம் கையில் ஏறிக் காலில் இறங்கும்போது வழியில்தான் இதயம் இருக்கிறது.

6/
எந்த டூலைச் சரி செய்யலாம்?

சுத்தியல், ஸ்பேனர், செடி வெட்டும் கத்தரி போன்றவை என்றால் தாராளமாகச் சரி செய்யுங்க.

- பிசுபிசுப்பை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கலாம். பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.
- பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம். ரப்பர் ஊறி இன்னும் கெடும்.
- பவுடர் போட்டால் ஒட்டாது, ஆனால் நாலு நாளைக்குத்தான்.
- சுத்தியலில் உறை லூசாகிச் சுற்றினால் வெட்டி எடுத்துவிட்டு, பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுத்துங்க.

7/
கரண்ட் வேலைக்கு எடுக்கும் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர் என்றால் டேப்பும் வேண்டாம், டியூபும் வேண்டாம். ஒரு வெடிப்பு தெரிந்தாலே அதற்கு ரிட்டையர்மென்ட்.

டேப்பின் பசை சூட்டில் இளகும், வேர்வையில் நகரும். அதைவிட மோசம், உள்ளே இருக்கும் வெடிப்பை அது மறைத்துவிடும். ஆபத்து இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று, கைப்பிடியில் உறை இருக்கும் எல்லா டூலும் ஷாக்கைத் தடுக்காது. பல உறைகள் கை வழுக்காமல் இருக்க மட்டும்தான். இரட்டை முக்கோணக் குறியும் 1000V என்ற எழுத்தும் இருக்கிறதா பாருங்க. அந்தத் தரத்துக்கான டூலைத் தண்ணீரில் வைத்து 10,000 வோல்ட்டில் சோதித்த பிறகுதான் விற்க வேண்டும். அதிலும் வெடிப்பு விழுந்தால் அந்த 1000V வெறும் எழுத்துதான்.

8/
"இருபது வருஷமா இதைத்தான் வெச்சிருக்கேன் டாக்டர், ஒண்ணும் ஆகலையே?"

ஒன்றும் ஆகாதவர்கள் எங்களிடம் வருவதில்லை. ஆனவர்களைத்தான் நாங்கள் பார்க்கிறோம்.

ஆனால் தினக்கூலிக்கு வரும் தம்பியிடம் "புது டூல் வாங்கு" என்று சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. டூல் கொடுக்க வேண்டியது கான்ட்ராக்டர். மெயினை அணைக்க வேண்டியது வீட்டுக்காரர். சீரியல் பத்து நிமிஷம் நின்றால் ஒன்றும் குறைந்துவிடாது. கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்டுக்கோங்க. டூலும் கையும் ஏமாற்றும் நேரத்தில் அதுதான் காப்பாற்றும்.

9/
யாருக்காவது ஷாக் அடித்தால்:

- அவரைத் தொடாதீங்க. முதலில் மெயினை அணைங்க.
- 108க்கு அழைங்க.
- நினைவும் மூச்சும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை வேகமாக, ஆழமாக அழுத்துங்க. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம்.
- மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு, தீக்காயம், சிறுநீர் கறுத்துப் போவது, இதில் எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வாங்க. வெளியே காயம் சின்னதாக இருந்தாலும் உள்ளே தசை வெந்திருக்கலாம்.

10/
டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்தத் தம்பி கேட்டார். "பிளேயரைத் தூக்கிப் போட்டுடணுமா சார்? அப்பா இல்ல. அவரு ஞாபகமா அது ஒண்ணுதான் இருக்கு."

தூக்கிப் போட வேண்டாம்ப்பா, வீட்ல பத்திரமா வை. வேலைக்கு மட்டும் எடுத்துட்டுப் போகாதே என்றேன்.

இன்னைக்கு உங்க டூல்ஸ் டப்பாவை ஒரு தடவை திறந்து பாருங்க.